நான்கு விரல் காற்று

சீட்டு கதவில் மாட்டிக்கொண்டது.

“தலையைத் தூக்குங்க மாப்பிள்ளை. தலையை,” என்றார் டிரைவர். அவர் வண்டி ஓட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான்.

சீட்டுக்கு எது தலை, எது கால் என்று மருமகனுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். ஆபீசில் உட்கார்ந்து எழுதிப் பழகிய கை அவருக்கு. பழைய காரின் முன் சீட்டு அது. இப்போதைய கார்களைப் போல ஆளுக்கொரு நாற்காலி இல்லை. ஒரே நீளத்துக்கு பெஞ்சு மாதிரி, உள்ளே ஸ்பிரிங்கும் நாரும் வைத்து ரெக்சின் போர்த்தித் தைத்தது. கிழிந்த ஓரத்தில் நார் தாடி போலத் தொங்கியது.

“அம்மா படுத்திருக்கிற ரூம்ல இதை எதுக்குப்பா கொண்டு வரீங்க? ஒரே தூசி. டாக்டர் என்ன சொன்னார்?” என்றாள் மகள், கையில் ஈரத்துணியோடு.

“கேட்டது நான் இல்ல. உங்கம்மா.”

டாக்டர்கள் சொல்வதில் பாதியை டிரைவர் நம்புவதில்லை. மீதிப் பாதியைக் கேட்பதில்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர், “இனிமே இங்க வெச்சு ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னதை மட்டும் முழுசாகக் கேட்டார். அதையும் நம்பாமல் இருந்து பார்த்தார். முடியவில்லை.

“வண்டியில கதவு கதவாக் கழட்டிப் போட்டவருக்கு வீட்டுக் கதவைக் கழட்டத் தெரியாதா?” என்று கட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

அதுவும் சரிதான். டிரைவர் போய்க் கருவிப் பையை எடுத்து வந்தார். கீல் ஆணிகளைத் தட்டி எடுத்து, கதவைச் சுவரில் சாய்த்தார். சீட்டு உள்ளே போனது. ஜன்னலைப் பார்த்தாற்போலப் போட்டார்கள். மகளும் அவருமாக மனைவியைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். தூக்க ஒன்றுமே இல்லை. காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுப்பது போல இருந்தது.

சீட்டின் இடது பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம். இப்போது அது அவளுக்குப் பெரிதாகிவிட்டது. சுற்றிலும் துணியை மடித்து வைத்து அணை கொடுத்தார்கள். கைப்பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தாள்.

“அதே வாசனை,” என்றாள்.

பெட்ரோல், ரெக்சின், என்றோ பெய்த மழை, மகள் சின்ன வயதில் வாந்தி எடுத்தது, எல்லாம் சேர்ந்த வாசனை. டிரைவருக்கும் அது அடித்தது. ஆனால் அவர் ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பவர் போலத் திரும்பிக்கொண்டார்.

அந்த வண்டியை அவர் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒரு கம்பெனி முதலாளிக்கு அவர் டிரைவராக இருந்தார். கம்பெனியை மூடிய அன்று முதலாளி எல்லோருக்கும் கையை விரித்தார். டிரைவர் மட்டும் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் வாசலில் நின்றார். சாயங்காலம் வரை நின்றார். “சரிய்யா, நீயே வெச்சுக்க” என்று சொல்லிவிட்டு முதலாளி பஸ் ஏறிப் போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த நீல நிற வண்டி வாடகைக்கும் ஓடியது, வீட்டுக்கும் ஓடியது.

வண்டியில் நாலு கதவு. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிகள் ஒவ்வொன்றாக உடைந்துபோய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைக் கழற்றி எந்தக் கதவிலும் செருகிச் சுற்றலாம். அது அவள் கைப்பையில் இருக்கும். பின் சீட்டுக்குக் காற்று வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். மகள் சேட்டை செய்த நாளில் கண்ணாடி இறங்காது. டிரைவருக்கும் அதே சட்டம்.

“என்னங்க, வேர்க்குதா? காலையில என்னை என்ன சொன்னீங்க?” என்பாள். அவர் பாதையைப் பார்த்தபடி மன்னிப்பு மாதிரி ஏதாவது முனகுவார். அதற்குப் பிறகுதான் கைப்பிடி பையிலிருந்து வெளியே வரும்.

தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் அவள் முழுசாக மூடவே மாட்டாள். நாலு விரல் அளவுக்கு இடம் விடுவாள். விரல்களை அந்த வழியாக வெளியே நீட்டி, துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பது போலக் காற்றைத் தடவிக்கொண்டே வருவாள்.

பிறகு வண்டிக்கு வயதானது. கொட்டகையில் நின்றது. மேலே பழைய சாமான் ஏறியது. பூனை குட்டி போட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவள், “நம்ம வண்டியில ஒரு தடவை போகணும்ங்க” என்றாள். இன்னது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டது கிடையாது. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்பது வேறு விஷயம்.

வீட்டு முன்பக்கம் ஒரு கடை அறை இருந்தது. தையல்காரர் வாடகைக்கு இருந்தார். அதை அவருக்கே விற்றுவிட்டார் டிரைவர். “அந்தக் காசுக்குப் புது வண்டியே வாங்கலாமே மாமா” என்றார் மருமகன். தையல்காரரும் அதையேதான் சொன்னார். கடை கைக்கு வந்த பிறகு சொன்னார்.

“புதுசுல அவ போனதில்லையே,” என்றார் டிரைவர்.

பட்டறைக்காரருக்குப் போல்ட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. வேலை செய்யும்போது போல்ட்டுகளை வாயில் கவ்விக்கொள்வார். அதனால் அவர் பேசுவதும் கம்மி. பேசாத ஆளை டிரைவர் நம்புவதில்லை. பேசுகிற ஆளையும் நம்புவதில்லை. பழைய வண்டியின் அசல் சாமானுக்கு வெளியே நல்ல விலை, பட்டறைக்காரர்கள் அதை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாமலிருந்தாலும் அவருக்கே தோன்றியிருக்கும்.

அப்போது அவள் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். வண்டியைப் பட்டறையில் விட்ட அன்று டிரைவர் போல்ட்டைத் தள்ளிக்கொண்டு போய் இன்ஜின் சத்தத்தைப் பற்றி வளவளவென்று பேசினார். அவள் மகளின் நெயில் பாலிஷ் குப்பியோடு வண்டியைச் சுற்றி வந்தாள். எது எது அசலோ, எது எது திருடு போகக்கூடாதோ, அதிலெல்லாம் சின்னதாய் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். விளக்கு, பூட்டு, மீட்டர், ஹார்ன், சீட்டின் அடிக்கட்டை, கைப்பையிலிருந்த கைப்பிடி வரைக்கும். மாற்றி மாட்டினால் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை முடிந்ததும் குப்பியை மூடப்போனவள், அவர் கையைப் பிடித்து இழுத்துக் கட்டைவிரல் நகத்திலும் ஒரு புள்ளி வைத்தாள்.

“இது எதுக்குடி?”

“உங்களையும் மாத்திடப் போறாங்க. அசல் எதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

பிறகு அவர் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வாடகை வண்டி பிடிக்கத் தெருமுனைக்குப் போனார். அவள் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்துப் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்தது. பிரித்துப் பார்த்தால், விளக்கு, பூட்டு, மீட்டர், ஹார்ன். ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி. டிரைவர் பட்டறைக்கு ஓடினார்.

“நீங்க புள்ளி வெச்சதையெல்லாம் மாத்தியாச்சுண்ணே,” என்றார் போல்ட்டு, வாயிலிருந்ததைக் கையில் துப்பிவிட்டு. “விவரமான ஆளு நீங்க. மாத்த வேண்டியதுக்கெல்லாம் முன்கூட்டியே அடையாளம் போட்டுட்டீங்க. கொஞ்சம் ஜாஸ்தி ஆகும்னு தோணுச்சு. ஆனா நீங்க கேட்டது.”

நீ திருடுவாய் என்று வைத்த புள்ளி அது என்று எப்படிச் சொல்வது? செலவு இரட்டிப்பானது. கடை விற்ற பணம் போதாமல் கையிலிருந்ததும் போனது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகு மறுபடி சிரித்தாள். “அப்போ உங்களையும் சாக்குல போட்டு அனுப்பிடுவாங்க,” என்றாள்.

மறுநாளிலிருந்து டிரைவர் பட்டறையில் போய் உட்கார்ந்தார். காலையில் திறக்கும்போது போவார், சாயங்காலம் மூடும்போது வருவார். போல்ட்டு ஒரு திருகைத் திருகினாலும் எட்டிப் பார்ப்பார். “நான் இல்லாம வண்டியை வெளிய எடுக்கக்கூடாது” என்று உத்தரவு போட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள், “இன்னிக்கு என்ன வெச்சாங்க?” என்று கேட்பாள். அவர் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். தினமும் கொஞ்சம் சீக்கிரமாகவே தூங்கினாள். கட்டைவிரல் புள்ளி உதிரும்போதெல்லாம் தலையணைக்கடியிலிருந்து குப்பியை எடுத்து மறுபடி வைப்பாள். பிறகு பிரஷைப் பிடிக்கக் கை நடுங்கியது. அவர் விரலைத்தான் பிரஷுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

ஒருநாள் காலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் வாசலில் வந்து நின்றாள்.

“வண்டியை யாரும் தூக்கிட்டுப் போகலப்பா,” என்றாள். “அம்மாதான் போயிட்டிருக்காங்க.”

அவர் செருப்பின் வாரை மறுபடி கழற்றி மாட்டினார். அன்றைக்கும் பட்டறைக்குத்தான் போனார்.

புது சீட்டு தைத்து மாட்டியான பிறகு பழைய சீட்டைக் குட்டி யானை லோடு வண்டியில் போட்டு அனுப்பியிருந்தார் போல்ட்டு. அதுதான் இன்று காலை வந்தது. சத்தம் கேட்டு, என்ன என்று விசாரித்து, உள்ளே கொண்டுவரச் சொன்னாள் அவள்.

மத்தியானம் தாண்டியிருந்தது. மகள் சமையலறைக்குப் போய்விட்டாள். மேசை விசிறி ஒரே சீராக இரைந்தது. ஜன்னல் திரை உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. திரையைத் தாண்டி வந்த வெயில் தரையில் நீளமாக விழுந்து, திரை அசையும்போதெல்லாம் பின்னோக்கி ஓடுவது போலிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

“நின்னுக்கிட்டே ஓட்டுவீங்களா?”

“என்ன?”

அவள் சீட்டின் வலது பக்கத்தைத் தட்டினாள். அங்கேயும் ஒரு பள்ளம் இருந்தது. டிரைவர் உட்கார்ந்தார். சரியாகப் பொருந்தியது. புட்டத்துக்கும் இடுப்புக்கும் அது ஞாபகம் இருந்தது.

“மெதுவாப் போங்க. என்ன அவசரம்?” என்றாள்.

“எங்கடி போறது? வீட்ல உக்காந்திருக்கோம்.”

“பாலம் வருது.”

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. அதில் வெயில் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தால் தண்ணீர் போலவும் இருந்தது. அவருக்கு இந்த மாதிரி விளையாட்டெல்லாம் பிடிக்காது. ஆனால் அவர் இடது கை தானாக எழுந்து, ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருக்கும் கியரைக் காற்றில் ஒரு படி இறக்கியது. பாலத்தில் அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

“ம்,” என்றாள் அவள்.

பாலம் போனது. ஒரு ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. காத்திருந்தார்கள். விசிறி இரைந்துகொண்டே இருந்தது. கேட் திறந்தது. இரண்டு பக்கமும் மரங்கள். நிழல், வெயில், நிழல், வெயில். அவள் முகத்தில் அது மாறி மாறி விழுந்தது. திரைதான் அசைகிறது என்று டிரைவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓட்டினார்.

“முன்னாடி ஆடு. ஹார்ன் அடிங்க.”

அவர் கதவில்லாத வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “பாம், பாம்,” என்றார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் விழுந்தது.

போன் அடித்தது அப்போதுதான். போல்ட்டு.

“அண்ணே, வண்டி முடிஞ்சுது. ஸ்டார்ட் பண்ணிட்டேன், குதிரை மாதிரி நிக்குது. நீங்க வந்தா எடுத்துட்டுப் போயிடலாம். நீங்க இல்லாம வெளிய எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க.”

இத்தனை நாளாக எதற்கு உட்கார்ந்திருந்தாரோ அது இந்த போன்தான். பட்டறை வாசலில் வண்டியை வாங்கி, தன் கையால் ஓட்டி வந்து, அவளைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, பாலம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். மனசுக்குள் பலமுறை ஓட்டியாகிவிட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

“யாரு?” என்றாள்.

“போல்ட்டு. வண்டி ரெடியாம். போய் எடுத்துட்டு வந்துடறேன். ஒரு நடை.”

“எந்த வண்டி?” அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். “ஓட்டிக்கிட்டிருக்கும்போது இறங்கி எங்க போறீங்க?”

டிரைவர் அவளைப் பார்த்தார். அவள் முகம் வெளிறி, உதடு காய்ந்து, ஆனால் கண் மட்டும் பாதையில் இருந்தது. ஒரு நடை என்றால் போக, பார்க்க, திருப்பிக் கேட்க, சரிபார்க்க, வர. அவர் எழுந்த மாதிரியே மறுபடி பள்ளத்தில் உட்கார்ந்தார்.

“நீயே எடுத்துட்டு வா,” என்றார் போனில்.

மறுமுனையில் பேச்சில்லை. வாயில் போல்ட்டு இருக்கிறதோ என்று நினைத்தார்.

“நானா?”

“நீதான். பிரேக்கைப் பாத்துட்டு எடு.”

போனைத் தலைகீழாகச் சீட்டில் வைத்தார். பாதை நீண்டது. வெயில் சுவரில் மேலே ஏறி மஞ்சளானது. அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். சிலது அவர்கள் பார்த்த ஊர், சிலது பார்க்காதது. எல்லாவற்றுக்கும் அவர் கியர் போட்டார். மகள் ஒருமுறை வந்து சுவரில் சாய்த்திருந்த கதவின் பக்கத்தில் நின்றாள். பின் சீட்டில் இடம் கேட்கும் சின்னப் பெண்ணைப் போல நின்றாள். பிறகு போனாள்.

“காத்து அடிக்குது,” என்றாள் அவள். “கண்ணாடியை ஏத்துங்க. எனக்குக் கை வரல.”

மடியிலிருந்த கைப்பையை அவள் விரலால் சுட்டினாள். அவர் அதைத் திறந்து, கைப்பிடியை எடுத்தார். அதில் சிவப்புப் புள்ளி மங்காமல் இருந்தது. அவளைத் தாண்டிக் குனிந்து, அவள் இடது பக்கத்துக் காற்றில் கைப்பிடியை வைத்துச் சுற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அந்தக் கதவு எப்போதும் கொஞ்சம் இறுகும். அந்த இடத்தில் அவர் கையும் இறுகியது.

“போதும் போதும். முழுசா மூடாதீங்க.”

நிறுத்தினார். அவள் கைப்பிடியை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டாள். வலது கையை மெதுவாகத் தூக்கி, நாலு விரல்களை நீட்டினாள். விசிறிக் காற்று விரலிடுக்கில் போனது.

அப்போது தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. சத்தமே இல்லை. தேன் ஊற்றுவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். ஹார்ன் ஒருமுறை மரியாதையாக அடித்தது. டிரைவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.

அவளும் கேட்டாள்.

“பக்கத்து வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க,” என்றாள். “பெரிய இடம் போல. உதறலே இல்ல.”

டிரைவர் மறுபடி பாதையைப் பார்த்தார்.

“இருக்கும்,” என்றார்.

“நம்ம வண்டிதான் ஊரைக் கூட்டும்.”

“ஆமா.”

“வெளிச்சம் இருக்கும்போதே போயிடலாம்ல?”

“போயிடலாம்.”

அவர் ஓட்டினார். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அவர் தொடைமேல் வந்து தங்கின. அவர் நிறுத்தவில்லை. இன்னொரு பாலம் வந்தது, கியரைக் குறைத்தார். வளைவு வந்தது, ஒடித்தார். அவள் தலை தோளில் சாய்ந்தது. வளைவில் அவள் எப்போதும் சாய்வாள், பிறகு நிமிர்வாள். அவர் அந்த வளைவை முடிக்காமலே வெகுநேரம் ஓட்டினார். சுவரில் வெயில் போய்விட்டது.

மகள் உள்ளே வந்து விளக்கைப் போட்டபோது, டிரைவர் இடது கையால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தார். பிறகு குனிந்து, இல்லாத ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

“அப்பா,” என்றாள் மகள்.

“விசிறியை நிறுத்தும்மா,” என்றார்.

மறுநாள் ஆட்கள் வந்தார்கள். வாடகை நாற்காலிகள் வந்தன. தெருவில் நின்ற நீல வண்டியைப் பார்த்தபடியே எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். பார்க்காமல் எப்படி நுழைவது? முகம் பார்க்கலாம் போல மின்னியது. “அடேயப்பா, எவ்வளவு ஆச்சாம்?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டது டிரைவர் காதில் விழுந்தது. “கடையே போச்சு” என்று தையல்காரர் அதைவிட மெதுவாகச் சொன்னதும் விழுந்தது.

அவளுக்கு உடை மாற்றிவிட்டு மகள் வெளியே வந்தாள். உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்.

“இது அம்மா கையில இருந்துச்சுப்பா. விரலைப் பிரிக்கவே முடியல.”

கைப்பிடி. அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கனமாகத் தொங்கியது.

அவளை ஏற்றிப்போகும் வேன் தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. உள்ளே வர வழியில்லை. நீல வண்டி மறித்துக்கொண்டிருந்தது.

“யாரு வண்டிங்க இது? கொஞ்சம் எடுங்க,” என்று வேன் டிரைவர் குரல் கொடுத்தார்.

எல்லோரும் திரும்பி டிரைவரைப் பார்த்தார்கள். போல்ட்டு கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஓடி வந்து சாவியை நீட்டினார். துவைத்த சட்டை போட்டிருந்தார். வாயில் ஒன்றும் இல்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். சீட்டு உயரமாக இருந்தது. வழுக்கியது. எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி இருந்தது. புது ரெக்சின் வாசனை கடைக்குள் நுழைந்தது போல் அடித்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. முன்பெல்லாம் கெஞ்ச வேண்டும். பின்னால் பார்க்கத் திரும்பியவர், இடது கதவைப் பார்த்தார். கண்ணாடி முழுசாக இறங்கிக் கிடந்தது. ஏற்றும் கைப்பிடி இல்லை. மொட்டை இரும்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று கதவிலும் புதுக் கைப்பிடி பளபளத்தது.

நாலுக்குக் காசு வாங்கி மூணு போட்டிருக்கான், என்று தோன்றியது. உள்ளே அவள் கிடக்கிறாள், வெளியே வேன் நிற்கிறது, அப்போதும் அதுதான் தோன்றியது. இத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தும் கண்ணில் படாமல் போயிற்றே என்று பல்லைக் கடித்தார். வண்டியைப் பின்னால் எடுத்து, சுவரோரம் ஒதுக்கினார். வேன் அவரைக் கடந்து உள்ளே போனது.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வானம் மூடிக்கொண்டிருந்தது. நாற்காலிகளை எடுத்துப் போக ஆள் வந்திருந்தது. போல்ட்டு மட்டும் போகாமல் வண்டி பக்கத்தில் நின்றார். டிரைவர் நேராக அவரிடம் போனார்.

“அந்தக் கதவுக் கைப்பிடி எங்க?”

போல்ட்டு தலையைச் சொறிந்தார்.

“அம்மாதான் போட வேணாம்னாங்க.”

“யாரு?”

“அம்மாண்ணே. வண்டி விட்ட அன்னிக்கு. நீங்க வாடகை வண்டி பிடிக்கப் போனப்ப. மூணு கதவுக்குப் போடு, என் பக்கத்துக்கு மட்டும் போடாதே, அது என்கிட்ட இருக்குன்னாங்க.” அவர் தெருவைப் பார்த்தார். “நாலும் மாட்டிட்டா அவர் பாட்டுக்கு ஏத்துவார், இறக்குவார். ஒரு கதவுக்காவது என்னைக் கேக்கட்டும்னு சிரிச்சாங்க. உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க. காசு மூணுக்குத்தான் வாங்கியிருக்கேன், வேணும்னா பாருங்க.”

டிரைவர் எதையும் பார்க்கவில்லை.

முதல் துளி வண்டியின் கூரையில் விழுந்தது. பிறகு இரண்டு, மூன்று. வாசலில் நின்ற மகள், “அப்பா, நனையாதீங்க,” என்றாள். அவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கைப்பிடியை எடுத்தார். சீட்டின் மேல் சாய்ந்து, கையை நீட்டி, இடது கதவின் மொட்டை இரும்பில் வைத்து அழுத்தினார். டக்கென்று போய் உட்கார்ந்தது. கட்டைவிரலில் பாதி உதிர்ந்த புள்ளியும் கைப்பிடியிலிருந்த புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. சுற்றினார். எங்கேயும் இறுகவில்லை. கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறியது.

“முழுசா ஏத்திடுங்கண்ணே,” என்றார் போல்ட்டு வெளியிலிருந்து. “புது சீட்டு, நனைஞ்சுடும்.”

டிரைவர் நிறுத்தினார். மேலே நாலு விரல் அளவுக்கு இடம் இருந்தது. கைப்பிடியை உருவி, பக்கத்தில் வைத்தார். மழை வலுத்தது. அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து, இன்னும் பள்ளம் விழாத சீட்டின் இடது பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.